37 வயசு டுரான்ட்... 22 வயசுப் பசங்க... ஹூஸ்டன் ராக்கெட்ஸ் போட்ட கணக்கு பலிக்குமா? - முழு அலசல்

அக்டோபர் 21, 2025. ஓக்லஹோமா சிட்டி. என்.பி.ஏ. கூடைப்பந்து சீசனின் முதல் நாள்.

கெவின் டுரான்ட் கையில் பந்து போகும்போதெல்லாம் அரங்கம் முழுக்க 'பூ...' என்று கூச்சல். 2016-ல் தங்கள் ஊர் அணியை விட்டுவிட்டுப் போனவரை அந்த ஊர் ரசிகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. இந்த முறை அவர் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் ஜெர்சியில் வந்திருந்தார். எதிரே நடப்பு சாம்பியன் ஓக்லஹோமா சிட்டி தண்டர்.

ஆட்டம் இரண்டு கூடுதல் நேரம் வரை இழுத்தது. முடிய 2.3 நொடி இருக்கும்போது ஹூஸ்டன் ஒரு புள்ளி முன்னிலை. ஷாட் அடிக்கப் போவதுபோல் ஏமாற்றிய ஷேய் கில்ஜியஸ் அலெக்ஸாண்டர் மீது டுரான்ட் மோதிவிட்டார். ஃபவுல். அது டுரான்ட்டுக்கு ஆறாவது ஃபவுல் என்பதால் அவர் வெளியே போக வேண்டியதாயிற்று. கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் ஷேய் உள்ளே போட்டார். மிச்சமிருந்த அந்த 2.3 நொடியில் ஹூஸ்டனுக்காகக் கடைசி ஷாட் எடுக்க டுரான்ட் களத்தில் இல்லை. இளைஞர்கள்தான் எடுத்தார்கள். பந்து விழவில்லை.

தண்டர் 125, ராக்கெட்ஸ் 124.

ஒரே ஒரு தோல்விதான். இன்னும் 81 ஆட்டங்கள் இருக்கின்றன. ஆனாலும் ஹூஸ்டன் எடுத்திருக்கும் பெரிய ரிஸ்க் என்னவென்று அந்தக் கடைசி நொடிகள் காட்டிவிட்டன. ஐந்து வருஷமாக அடிமட்டத்திலிருந்து கட்டி எழுப்பிய ஓர் இளம் அணிக்குள், 37 வயதுக்காரர் ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவருடைய ஆட்டம் இந்தப் பசங்களோடு பொருந்துமா? பொருந்தினாலும் பசங்களின் வளர்ச்சி என்ன ஆகும்?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்த இளம் அணி எப்படி உருவானது?

ஜேம்ஸ் ஹார்டன் என்ற ஒரே நட்சத்திரத்தை நம்பிப் பல வருஷம் ஆடிய அணி ஹூஸ்டன். 2021 ஜனவரியில் ஹார்டனை ப்ரூக்ளின் நெட்ஸ் அணிக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் யாரோடு சேர்ந்தார் தெரியுமா? இதே டுரான்ட்டோடுதான்!

ஹார்டன் போனதும் ஹூஸ்டன் தரைமட்டம். 2020-21 சீசனில் 72 ஆட்டங்களில் 17 வெற்றி. அடுத்த சீசனில் 82-க்கு 20. அதற்கடுத்து 22. மூன்று வருஷமும் அடி வாங்கினார்கள்.

ஆனால் என்.பி.ஏ.வில் தோற்பதிலும் ஒரு லாபம் உண்டு. மோசமாக ஆடும் அணிகளுக்குத்தான் 'ட்ராஃப்ட்' எனப்படும் புதுமுக வீரர் தேர்வில் முன்வரிசை வாய்ப்பு கிடைக்கும். அப்படியும், ஹார்டனைக் கொடுத்துப் பெற்ற வாய்ப்புகளிலும் வந்தவர்கள்தான் இன்றைய ராக்கெட்ஸ்.

2021-ல் ஜேலன் கிரீன், ஆல்பெரன் ஷென்குன். 2022-ல் ஜபாரி ஸ்மித் ஜூனியர், டாரி ஈசன். 2023-ல் ஆமென் தாம்சன். 2024-ல் ரீட் ஷெப்பர்ட்.

2023-ல் ஈமே உடோகா பயிற்சியாளராக வந்தார். கண்டிப்பான ஆள். தடுப்பாட்டம் ஆடாதவனுக்குக் களத்தில் இடமில்லை என்பது அவர் வழி. வந்த முதல் சீசனிலேயே 41 வெற்றி. இரண்டாவது சீசனில், அதாவது 2024-25-ல், 52 வெற்றி. மேற்குப் பிரிவில் இரண்டாவது இடம்.

அப்புறம் என்ன குறை?

அந்த 52 வெற்றிக்குப் பிறகு வந்த ப்ளேஆஃப்பில்தான் குறை வெளிச்சத்துக்கு வந்தது.

முதல் சுற்றில் எதிரணி ஸ்டீஃபன் கரியின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். ஏழு ஆட்டங்கள் வரை போனது. முதல் ஆட்டத்தில் ஹூஸ்டன் எடுத்தது 85 புள்ளி. கடைசி ஆட்டத்தில் 89. இரண்டுமே சொந்த மண்ணில் நடந்தவை. என்.பி.ஏ.வில் நூறைத் தாண்டுவது சாதாரணம் என்று இருக்கிற காலத்தில் இந்த ஸ்கோர் ரொம்பக் குறைவு.

காரணம் எளிது. ஹூஸ்டன் பசங்க ஓடினால் பிடிக்க முடியாது. எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுவார்கள். தவறிய ஷாட்டை எகிறிப் பிடித்து மறுபடி போடுவார்கள். தாங்கள் தவறவிட்ட பந்தைத் தாங்களே மீட்பதில் கடந்த சீசனில் லீக்கிலேயே முதலிடம் அவர்கள்தான்.

ஆனால் ப்ளேஆஃப்பில் எதிரணி ஓட விடாது. ஐந்து பேரும் பின்னால் வந்து நின்றுகொள்வார்கள். ஆட்டம் மெதுவாகும். 24 நொடிக்குள் ஷாட் எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில், எதிரே ஆள் நின்றாலும் பரவாயில்லை என்று தைரியமாக ஷாட் அடித்துப் புள்ளி எடுக்கும் ஒருவர் தேவை. ஹூஸ்டனில் அப்படி ஆள் இல்லை.

அந்த வேலையைச் செய்வார் என்று நம்பியது ஜேலன் கிரீனை. சீசன் முழுக்க 82 ஆட்டமும் ஆடி, சராசரி 21 புள்ளி எடுத்தவர். வாரியர்ஸ் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் 38 புள்ளி அடித்துத் தூள் கிளப்பினார். ஆனால் ஏழாவது ஆட்டத்தில் எடுத்தது வெறும் 8.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். பவுலிங் சூப்பர், ஃபீல்டிங் சூப்பர், கடைசி ஐந்து ஓவரில் நின்று ஆட ஆள் இல்லை. அதுதான் ஹூஸ்டன் நிலைமை.

டுரான்ட்டுக்காகக் கொடுத்த விலை என்ன?

2025 ஜூன் 22-ல் டீல் முடிவானது. ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியிலிருந்து டுரான்ட் ஹூஸ்டனுக்கு. பதிலுக்கு ஜேலன் கிரீன், தடுப்பாட்டக்காரர் டில்லன் ப்ரூக்ஸ், அந்த வருஷ ட்ராஃப்ட்டின் 10-வது தேர்வு, இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் ஐந்து. ஜூலையில் அதிகாரபூர்வமானபோது ஏழு அணிகள் சேர்ந்த மெகா டீலாக அது மாறியிருந்தது.

இதில் ஒரு சுவாரஸ்யம். அந்த 10-வது தேர்வு முதலில் ஃபீனிக்ஸுக்குச் சொந்தமானதுதான். 2023-ல் டுரான்ட்டை வாங்குவதற்காக ப்ரூக்ளினுக்குக் கொடுத்தார்கள். அது கைமாறி ஹூஸ்டனுக்கு வந்தது. இப்போது டுரான்ட்டை விற்று அதே தேர்வைத் திரும்ப வாங்கியிருக்கிறது ஃபீனிக்ஸ். சுற்றிச் சுற்றி சுப்பனைத்தான் வந்து சேர்ந்திருக்கிறது!

ஹூஸ்டன் பக்கம் கவனிக்க வேண்டியது வேறு. ஷென்குன், தாம்சன், ஜபாரி, ஷெப்பர்ட், ஈசன்... இந்த ஐந்து பேரில் ஒருவரைக்கூட அவர்கள் விடவில்லை. கிரீனைத் தவிர இளம் படை அப்படியே இருக்கிறது. 37 வயதை நெருங்கும் வீரருக்கு இதற்கு மேல் கொடுக்கத் தயாராக இல்லை என்பதே இதன் அர்த்தம்.

சரி, டுரான்ட் ஆட்டம் எப்படிப்பட்டது?

உயரம் 6 அடி 11 அங்குலம். இந்த உயரத்தில் உள்ளவர்கள் வழக்கமாகக் கூடைக்கு அடியில் நின்று மல்லுக்கட்டுவார்கள். டுரான்ட் அப்படியில்லை. சின்ன உருவ வீரரைப் போலப் பந்தைத் தட்டிக்கொண்டு வருவார், நிற்பார், எழும்புவார், அடிப்பார். எதிரே கை நீட்டி நிற்பவரின் விரல் நுனிக்கும் மேலே பந்து போய்விடும். 'தடுக்க முடியாத ஷாட்' என்று சொல்வது இதைத்தான்.

இன்றைய என்.பி.ஏ.வில் எல்லா அணிகளும் விரும்புவது இரண்டே இரண்டு. ஒன்று மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து அடிப்பது. இன்னொன்று கூடைக்குக் கீழே போய்ப் போடுவது. நடுவில் இருக்கிற இடத்திலிருந்து அடிக்கும் 'மிட் ரேஞ்ச்' ஷாட்டைப் பல அணிகள் ஒதுக்கிவிட்டன. ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு அது நஷ்டக் கணக்கு.

டுரான்ட்டுக்கு மட்டும் அது லாபக் கணக்கு. அவருடைய அடையாளமே அந்த மிட் ரேஞ்ச்தான். எதிரணி எல்லாக் கதவையும் சாத்தினாலும் அந்த ஒரு ஜன்னல் அவருக்குத் திறந்தே இருக்கும். ப்ளேஆஃப்பில் ஹூஸ்டனுக்கு இல்லாமல் போனதும் அதுதான்.

வயசானதால் குறைந்துவிட்டதா? 2024-25-ல் சராசரி 26.6 புள்ளி. எடுத்த ஷாட்டுகளில் 52.7 சதவீதம் உள்ளே. மூன்று புள்ளி ஷாட்டில் 43 சதவீதம். அதே சீசனில்தான் 30,000 புள்ளிகளைத் தாண்டினார். என்.பி.ஏ. வரலாற்றில் அதைச் செய்த எட்டாவது வீரர்.

இன்னொரு முக்கியமான விஷயம். டுரான்ட் பந்தை ரொம்ப நேரம் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஹார்டன் காலத்தில் ஹூஸ்டன் ஆட்டம் ஞாபகம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அவர் பந்தைத் தட்டிக்கொண்டே இருப்பார், மற்ற நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். டுரான்ட் அப்படி அல்ல. பந்தை வாங்கி, ஒன்றிரண்டு முறை தட்டி, ஷாட். முடிந்தது. பந்து மற்றவர்களிடம் இருக்கும்போதும் அவரை விட்டு யாரும் நகர முடியாது. விட்டால் அடித்துவிடுவார்.

இளம் வீரர்கள் இருக்கும் அணிக்கு இது பெரிய வரம். கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் கையில் பந்து இருந்தால்தானே கற்றுக்கொள்ள முடியும்?

ஷென்குன்: இரண்டு பேருக்கும் லாபம்

இந்த ஜோடிதான் அதிகம் எதிர்பார்க்கப்படுவது. துருக்கிக்காரர், 23 வயது. 2024-25-ல் சராசரி 19.1 புள்ளி, 10.3 ரீபவுண்ட், 4.9 அசிஸ்ட். முதல்முறை ஆல் ஸ்டார். 2025 செப்டம்பரில் யூரோ பாஸ்கெட் இறுதிப்போட்டி வரை துருக்கியை இழுத்துச் சென்றவர்.

ஷென்குன் ஆட்டம் பழைய பாணி. கூடைக்கு முதுகைக் காட்டி நிற்பார். இடிப்பார், சுழல்வார், ஏமாற்றுவார். அவரைத் தனியாகச் சமாளிக்க முடியாமல் இரண்டாவது ஆள் ஓடி வந்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் யார் தனியாக நிற்கிறார்களோ அவருக்குப் பந்து போய்விடும்.

இதுவரை அந்தப் பந்தை வாங்கியவர்கள் நிச்சயம் அடிப்பார்கள் என்று சொல்ல முடியாது. இனி வாங்கப் போவது டுரான்ட். இரண்டாவது ஆளை அனுப்புவதா வேண்டாமா என்று எதிரணி இனி இரண்டு முறை யோசிக்கும். அனுப்பினால் டுரான்ட் அடிப்பார். அனுப்பாவிட்டால் ஷென்குன் அடிப்பார்.

தண்டருக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே இது தெரிந்தது. ஹூஸ்டனில் அதிகப் புள்ளி எடுத்தது டுரான்ட் இல்லை. அவர் எடுத்தது 23. ஷென்குன் எடுத்தது 39!

ஆமென் தாம்சன்: சிக்கல் இங்கேதான்

ஹூஸ்டனின் எதிர்காலம் யார் என்று கேட்டால் பலர் சொல்லும் பெயர் ஆமென் தாம்சன். 22 வயது. 2024-25-ல் லீக்கின் முதல்தரத் தடுப்பாட்ட அணியில் இடம் பிடித்தவர். ஓட்டம், பாய்ச்சல், எகிறல் எல்லாமே அசாத்தியம்.

ஒரே குறை, தூரத்து ஷாட். மூன்று புள்ளி ஷாட்டில் அந்த சீசனில் அவர் வெற்றி விகிதம் 28 சதவீதத்துக்கும் கீழே.

அதனால் என்ன ஆகும்? தாம்சன் வெளியே நின்றால் எதிரணி கவலையே படாது. 'நீ அடிச்சுக்கோ' என்று விட்டுவிட்டு, அவரைக் காவல் காக்க வேண்டிய ஆள் உள்ளே போய் டுரான்ட் பக்கத்தில் நின்றுகொள்வார். டுரான்ட்டைச் சுற்றி எப்போதும் ஒன்றரை ஆள். கூடைப்பந்தில் 'ஸ்பேசிங்' என்று சொல்கிற இடைவெளி சுருங்கிவிடும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. தாம்சனை மூலையில் நிறுத்தி வைக்காமல், அவர் கையில் பந்தைக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கச் சொல்வது. அல்லது டுரான்ட்டுக்காக எதிரணி வீரரை மறித்து நிற்க வைத்து, அங்கிருந்து கூடையை நோக்கிப் பாய விடுவது. டுரான்ட் மீது இரண்டு பேர் பாய்ந்தால் நடுவில் தாம்சனுக்கு ஓட இடம் கிடைக்கும். ஓடத் தொடங்கிய தாம்சனை நிறுத்துவது லீக்கில் யாருக்கும் சுலபமில்லை.

சும்மா நிற்கிற தாம்சன் டுரான்ட்டுக்குப் பாரம். நகர்ந்துகொண்டே இருக்கிற தாம்சன் டுரான்ட்டுக்குப் பலம். எது நடக்கப் போகிறது என்பது உடோகா எழுதும் திட்டத்தில் இருக்கிறது.

ஜபாரி, ஷெப்பர்ட்: ஷாட் அடிக்கிற பசங்க

ஜபாரி ஸ்மித் ஜூனியர் டுரான்ட்டைப் போலவே 6 அடி 11 அங்குலம். தூரத்திலிருந்து அடிப்பார், பல உயர வீரர்களையும் தடுப்பார். பந்து கேட்டு அடம்பிடிக்க மாட்டார். டுரான்ட் பக்கத்தில் ஆட வேண்டிய ஆள் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினால், ஏறக்குறைய ஜபாரி மாதிரித்தான் இருக்கும்.

ரீட் ஷெப்பர்ட் விஷயம் வேறு. 21 வயது. கென்டக்கி பல்கலைக்கழகத்துக்காக ஆடியபோது மூன்று புள்ளி ஷாட்டில் 52 சதவீதம் அடித்தவர். 2024 ட்ராஃப்ட்டில் மூன்றாவது இடத்தில் எடுக்கப்பட்டார். ஆனால் முதல் சீசனில் அதிக நேரம் பெஞ்சில்தான். ஆட்டத்துக்குச் சராசரி 13 நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. காரணம், உயரம் 6 அடி 2 அங்குலம். எதிரணி அவரைத் தேடிப் பிடித்து அடித்தது.

டுரான்ட் வந்ததும் ஷெப்பர்ட்டின் தேவை கூடிவிட்டது. ஏனென்றால் டுரான்ட்டைச் சுற்றி இடைவெளி உண்டாக்க, வெளியே நின்று அடிக்கிற ஆள் வேண்டும். அணியில் அதில் கைதேர்ந்தவர் அவர்தான். அவர் தடுப்பாட்டத்தில் தாக்குப்பிடித்தால் அணியின் முகமே மாறிவிடும்.

கணக்கைக் கலைத்த ஒரு காயம்

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் செப்டம்பரில் அந்தச் செய்தி வந்தது. அணியின் பாயின்ட் கார்டு ஃப்ரெட் வான்வ்லீட்டுக்கு முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. இந்த சீசன் முழுக்க அவர் ஆடுவது சந்தேகம்தான்.

வான்வ்லீட் 14 புள்ளி எடுக்கிற ஆள்தானே, போனால் என்ன என்று தோன்றலாம். ஆனால் அவர் வேலை புள்ளி எடுப்பது மட்டுமில்லை. பந்தைப் பத்திரமாக மேலே கொண்டுவருவது, யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது, சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் கொடுப்பது. வீட்டில் மூத்த அண்ணன் மாதிரி. இருக்கும்போது தெரியாது.

டுரான்ட்டின் பலவீனம் இங்கேதான் மாட்டுகிறது. அவர் முடித்துவைக்கிறவர். தொடங்கிவைக்கிறவர் அல்ல. உயரமான ஆள் என்பதால் பந்தைத் தட்டும்போதும் உயரமாகவே தட்டுவார். கூட்டமாக வந்து நெருக்கினால் பந்தைப் பறிகொடுப்பதும் உண்டு.

இது உடோகாவுக்கு நன்றாகவே தெரியும். 2020-21-ல் ப்ரூக்ளினில் டுரான்ட் ஆடியபோது அங்கே உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் உடோகா. அடுத்த வருஷமே பாஸ்டன் செல்டிக்ஸ் தலைமைப் பயிற்சியாளராகி, 2022 ப்ளேஆஃப் முதல் சுற்றில் அதே டுரான்ட்டை மடக்கினார். எங்கே திரும்பினாலும் இரண்டு பேர். அந்தத் தொடரில் டுரான்ட் எடுத்த ஷாட்டுகளில் 40 சதவீதம்கூட உள்ளே போகவில்லை. ப்ரூக்ளின் 0-4 என்று தோற்றது.

அன்று பூட்டுப் போட்டவர் கையில்தான் இன்று சாவியும் இருக்கிறது. இப்போது வான்வ்லீட் இல்லாத அணியில் டுரான்ட்டுக்குப் பந்தைக் கொண்டுவந்து சேர்ப்பது யார்? தாம்சனும் ஷெப்பர்ட்டும். இருவருமே அந்த வேலையை இந்த அளவில் இதுவரை செய்ததில்லை.

அதாவது ஜூன் மாதம் கேட்ட கேள்வி 'டுரான்ட் இந்தப் பசங்களுக்கு எப்படி உதவுவார்?' என்பது. அக்டோபரில் அது தலைகீழாகிவிட்டது. இந்தப் பசங்க டுரான்ட்டுக்கு எப்படி உதவப் போகிறார்கள்?

ஃபீனிக்ஸில் ஏன் சரிவரவில்லை?

டுரான்ட் மட்டும் போதும் என்றால் ஃபீனிக்ஸ் சாம்பியன் ஆகியிருக்க வேண்டும். அவரோடு டெவின் புக்கர், ப்ராட்லி பீல் என்று இன்னும் இரண்டு பெரிய பெயர்கள் இருந்தன. 2023-24-ல் முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் 0-4. அடுத்த சீசனில் 36 வெற்றி, 46 தோல்வி. ப்ளேஆஃப்புக்கே போகவில்லை.

டுரான்ட் புள்ளி எடுக்காமல் இல்லை. சுற்றி இருந்தவர்கள்தான் சரியில்லை. மூன்று நட்சத்திரங்களும் ஒரே வேலையைச் செய்கிறவர்கள். ஷாட் அடிக்க மூன்று பேர். தடுக்க, பந்தைப் பிடுங்க, எகிறிப் பிடிக்க ஆள் பத்தாது. மூவர் சம்பளத்துக்கே பணம் போய்விட்டதால் மற்ற வீரர்களை வாங்கவும் வழியில்லை.

ஹூஸ்டன் அதற்கு நேர் எதிர். தடுப்பாட்டத்தில் லீக்கின் முன்னணி அணிகளில் ஒன்று. எகிறிப் பிடிப்பதில் முதலிடம். ஷாட் அடிக்கத்தான் ஆள் இல்லை. ஃபீனிக்ஸில் டுரான்ட் மூன்றாவது பாயசம். ஹூஸ்டனில் சாப்பாட்டுக்கு இல்லாமல் இருந்த உப்பு.

முதல் ஆட்டத்தில் உடோகா இறக்கிய ஐவரைப் பாருங்கள். தாம்சன், டுரான்ட், ஜபாரி, ஷென்குன், ஸ்டீவன் ஆடம்ஸ். இதில் குள்ளமானவர் 6 அடி 7 அங்குல தாம்சன்! மற்ற நால்வரும் 6 அடி 11 அங்குலம். ஷாட் தவறினாலும் பரவாயில்லை, எகிறிப் பிடித்து இன்னொரு முறை போடலாம் என்பதுதான் திட்டம். ஆடம்ஸ் டுரான்ட்டுக்குப் புதியவரும் அல்ல. ஓக்லஹோமாவில் மூன்று சீசன் சேர்ந்து ஆடியவர்கள்.

வயசுதான் பெரிய எதிரி

2007 அக்டோபரில் டுரான்ட் முதல் என்.பி.ஏ. ஆட்டம் ஆடியபோது ஷென்குனுக்கு ஐந்து வயது. தாம்சனுக்கு நாலு. ஷெப்பர்ட்டுக்கு மூன்று.

2019-ல் குதிகால் தசைநார் அறுந்து, அடுத்த சீசன் முழுவதும் ஆடாமல் இருந்தவர் டுரான்ட். அந்தக் காயத்தோடு பலர் ஆட்டமே முடிந்துபோனது உண்டு. அவர் திரும்பி வந்து பழையபடி ஆடுவதே அதிசயம். கடந்த சீசனில் 82-ல் 62 ஆட்டம் ஆடினார். 37 வயதில் அது கூடும் என்று எதிர்பார்க்க முடியாது.

சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது அவரோடு இரண்டு வருஷத்துக்கு 9 கோடி டாலருக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. விதிப்படி இதைவிட அதிகம் கேட்டிருக்கலாம். அவர் விட்டுக்கொடுத்தது அணிக்கு நல்லது. ஏனென்றால் ஷென்குனுக்கு ஐந்து வருஷத்துக்கு 18.5 கோடி டாலர், ஜபாரிக்கு ஐந்து வருஷத்துக்கு 12.2 கோடி டாலர் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாயிற்று. அடுத்து தாம்சன் காத்திருக்கிறார். பசங்களைத் தக்கவைக்கப் பணம் வேண்டும்.

இந்தத் தொகைகளே ஒரு விஷயத்தைச் சொல்கின்றன. டுரான்ட்டுக்கு இரண்டு வருஷம். பசங்களுக்கு ஐந்து வருஷம். அவர் போன பிறகும் இந்த அணி இருக்க வேண்டும்.

அப்படியென்றால் ஆபத்து எது?

பொருந்துமா என்ற கேள்விக்கு, ஆட்ட முறையை மட்டும் வைத்துப் பார்த்தால் பதில் 'பொருந்தும்' என்பதுதான். அணிக்கு இல்லாதது அவரிடம் இருக்கிறது. அவருக்கு ஃபீனிக்ஸில் இல்லாதது இந்த அணியிடம் இருக்கிறது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இக்கட்டான நேரத்தில் டுரான்ட் கையில் பந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது ரொம்ப சுலபம். வெற்றியும் கிடைக்கும். ஆனால் நாலாவது குவார்ட்டரில் முடிவெடுக்கும் பழக்கம் ஷென்குனுக்கும் தாம்சனுக்கும் எப்போது வரும்? ஆலமரத்து நிழலில் வெயில் தெரியாது. செடியும் வளராது.

டுரான்ட்டே ஒருகாலத்தில் இந்தப் பசங்க இடத்தில் இருந்தவர். ஓக்லஹோமாவில் அவர், ரஸ்ஸல் வெஸ்ட்ப்ரூக், ஹார்டன் எல்லாம் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தபோதே 2012-ல் இறுதிப்போட்டிக்குப் போனார்கள். மயாமியிடம் 1-4 என்று தோற்றார்கள். அந்த மூவரும் இன்னும் பல முறை வருவார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். அடுத்த சீசன் தொடங்கும் முன்பே ஹார்டன் ஹூஸ்டனுக்கு அனுப்பப்பட்டார். அந்த மூவர் கூட்டணி மறுபடி இறுதிப்போட்டியைப் பார்க்கவே இல்லை. இளமை இருக்கிறது, நேரம் இருக்கிறது என்று நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பது டுரான்ட்டைவிட யாருக்குத் தெரியும்?

இந்த சீசனில் எதைக் கவனிக்க வேண்டும்?

👉 தாம்சன் பந்தில்லாத நேரத்தில் எங்கே இருக்கிறார்? மூலையில் நின்றால் சிக்கல். வெட்டி ஓடிக்கொண்டிருந்தால் நல்ல அறிகுறி.

👉 ஷெப்பர்ட்டுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது? தவறு செய்தாலும் உடோகா பொறுத்துக்கொள்கிறாரா?

👉 பந்தைப் பறிகொடுப்பது எவ்வளவு? வான்வ்லீட் இல்லாத வலி முதலில் தெரியப்போவது இங்கேதான்.

👉 டுரான்ட் ஓய்வெடுக்கும் நிமிடங்களில் ஸ்கோர் என்ன ஆகிறது? பசங்க வளர்கிறார்களா இல்லையா என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

முதல் ஆட்டத்தின் கடைசி 2.3 நொடியில் டுரான்ட் வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பசங்க ஷாட் எடுத்தார்கள். விழவில்லை. ஒப்பந்தம் முடிந்து அவர் ஒருநாள் நிஜமாகவே வெளியே போகத்தான் போகிறார். அன்றைக்கு அந்த ஷாட் விழுமா என்பதை ஹூஸ்டன் இந்த இரண்டு, மூன்று சீசனுக்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.